குகைக்குப் பூட்டுப் போட்டால் போதாதா?

கேள்வி: குகைத் தண்ணீரில் வாழும் பார்வையில்லாத இறால் வகைகள் அழிந்து வருகின்றன என்று படித்தேன். யாரும் போகாதபடி குகையைப் பூட்டிவிட்டால் பிழைத்துக்கொள்ளாதா?
– வாசகி ஒருவர், கோபிசெட்டிபாளையம்

பதில்: பூட்டிப் பார்த்திருக்கிறார்கள் அம்மா. கெட்டதே அதில்தான்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஹண்ட்ஸ்வில் நகரத்துக்கு அடியிலேயே ஷெல்டா என்றொரு குகை. மேலே வீடும் தெருவும். கீழே கும்மிருட்டில் ஏரி. அங்கே மட்டுமே வாழ்வது ஷெல்டா குகைக் கிரேஃபிஷ். நம் சிங்கி இறாலுக்கு நன்னீர்ச் சொந்தக்காரன். நண்டுபோலக் கொடுக்கு உண்டு. நிறம் கிடையாது. மிகச் சின்னது, ஓரிரு அங்குலம்தான் இருக்கும்.

அந்த நாட்டுக் குகை ஆர்வலர் சங்கம் 1967இல் குகையை விலைக்கே வாங்கியது. கண்டவர்களும் நுழையாதிருக்க வாசலில் இரும்புக் கதவு போட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அங்கே கூட்டமாகத் தங்கிவந்த சாம்பல் வௌவால்களுக்கு அந்தக் கதவு ஒத்துவரவில்லை, கிளம்பிவிட்டன.

வௌவாலுக்கும் இறாலுக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். சோறுதான். வெயில் படாத இடத்தில் செடி முளைக்காது; இரை வெளியிலிருந்து வந்தாக வேண்டும். சின்ன வயதில் எங்கள் ஊர்க் கோயிலின் இருட்டு மண்டபத்தில் வௌவால் எச்சத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்திருக்கிறேன். உள்ளே வண்டும் புழுவும் பூச்சியுமாக ஒரு சந்தையே நடக்கும். குகையிலும் அப்படித்தான். எச்சத்தில் நுண்ணுயிர் வளரும், அதைத் தின்னச் சிற்றுயிர்கள் வரும், கடைசியில் கிரேஃபிஷுக்கும் வயிறு நிறையும். வௌவால் போனதும் அந்தப் பந்தி நின்றுபோனது. பிறகு வௌவால் நுழைகிற மாதிரி கதவை மாற்றினார்கள், போனவை திரும்பவில்லை.

கதவு தடுக்காத ஆபத்தும் ஒன்று உண்டு. சுண்ணாம்புப் பாறையில் விரிசல் அதிகம். மேலே தெருவில் கொட்டுகிற அழுக்கு, மண்ணில் வடிகட்டப்படாமல் நேரே ஏரியில் இறங்கிவிடும்.

1963 முதல் 1975 வரை 115 கிரேஃபிஷ்களைப் பார்த்ததாகக் கணக்கு. அப்புறம் 1988இல் ஒன்று. அதோடு சரி, போயே போய்விட்டது என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2019இல் உயிரியல் ஆய்வாளர் மேத்யூ நீமில்லர் குழுவினர் கண்ணில் ஒன்று பட்டது, 2020இல் இன்னொன்று. அந்தச் செய்தியைப் படித்த அன்று வீட்டில் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதனால் பூட்டு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வௌவால் போகவர இடம்விட்ட பூட்டாக இருக்கட்டும். அதைவிட முக்கியம், குகைக்கு மேலே ஊரில் என்ன கொட்டுகிறார்கள் என்று பார்ப்பது. அதே ஏரியில் அலபாமா குகை இறால் என்று இன்னொரு உயிரும் இருந்தது. பக்கத்துக் குகைகள் சிலவற்றில் அது இருக்கிறது. ஷெல்டாவில் 1973க்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை.