தூங்கும் சர்க்யூட்டுக்கு எந்தக் கரண்ட் சென்ஸ் ஐசி?

கேள்வி: வயலில் வைக்க மண் ஈரப்பதம் அளக்கும் லோரா நோட் (ரேடியோ வழியாகத் தகவல் அனுப்பும் சிறு கருவி) செய்திருக்கிறேன். 2500 எம்ஏஎச் 18650 செல் ஒன்று. தூக்கத்தில் 15 மைக்ரோ ஆம்பியர் இழுக்கும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை அரை விநாடி தகவல் அனுப்பும்போது 40 மில்லி ஆம்பியர். கரண்ட்டைப் பதிவு செய்ய ஐஎன்ஏ219 என்ற கரண்ட் அளக்கும் ஐசி உள்ள போர்டு வாங்கினேன். பேட்டரி எதிர்பார்த்ததைவிட வேகமாகக் காலியாகிறது, தூக்கக் கரண்ட் பூஜ்யம் என்றே காட்டுகிறது. வேறு எது வாங்கலாம்?

பதில்: உங்கள் நோட்டின் சராசரி இழுப்பு சுமார் 37 மைக்ரோ ஆம்பியர்தான். அதை அளக்க வந்த ஐஎன்ஏ219 ஓடிக்கொண்டே இருந்தால் 700 மைக்ரோ ஆம்பியர் தின்கிறது, ஏறக்குறைய 19 மடங்கு. அது மட்டுமே ஐந்து மாதத்தில் செல்லைக் காலி செய்துவிடும். போர்டில் பவர் எல்ஈடி இருந்தால் அது தனிக்கணக்கு; முதலில் அதைக் கழற்றுங்கள்.

வாங்கும் முன் செலவில்லாத வழி ஒன்று: ஐஎன்ஏ219இன் கான்ஃபிகரேஷன் ரிஜிஸ்டரில் (அமைப்புகளை எழுதும் இடம்) கடைசி 3 பிட்களை 000 ஆக்கினால் ஐசி பவர் டவுனுக்குப் போய், சுமார் 6 மைக்ரோ ஆம்பியரில் நிற்கும். ஆனால் மின்சாரம் விட்டு வந்தால் அது மறுபடி முழு ஓட்டத்தில்தான் எழும். எனவே தூங்கப்போகும் ஒவ்வொரு முறையும் எழுதுங்கள், ஒருதடவை எழுதியது போதும் என்று விடாதீர்கள்.

பூஜ்யம் காட்டுவது ஐசியின் குற்றமில்லை. போர்டில் ஆர்100 என்று அச்சிட்ட ஷன்ட் (கரண்ட்டை அளக்க அதன் வழியில் வைக்கும் சிறு ரெசிஸ்டர்) 0.1 ஓம். 15 மைக்ரோ ஆம்பியருக்கு அதில் விழுவது 1.5 மைக்ரோ வோல்ட். இந்த ஐசி பிரித்தறியும் ஒரு படியே 10 மைக்ரோ வோல்ட். ஆஃப்செட் பிழை (கரண்ட் இல்லாதபோதும் காட்டும் பொய் அளவு) 100 மைக்ரோ வோல்ட் வரை போகலாம். ஷன்ட்டை 1 ஓமாக மாற்றினால் 40 மில்லி ஆம்பியர் துல்லியமாக வரும், தூக்கக் கரண்ட் அப்போதும் வராது. 10 ஓம் போட்டால் தூக்கம் ஓரளவு தெரியும், அனுப்பும் நேரத்தில் 0.4 வோல்ட் இறங்கிவிடும். சுமார் 2,700 மடங்கு வித்தியாசமுள்ள இரண்டு கரண்ட்டை ஒரே ஷன்ட்டில் பிடிக்க ஆசைப்படாதீர்கள். தூக்கக் கரண்ட்டை மேசையில் ஒருமுறை அளந்து குறித்தால் போதும். நோர்டிக் பவர் புரொஃபைலர் கிட் 2 போன்ற கருவி அதற்கென்றே இருக்கிறது. வயலில் அனுப்பும் கரண்ட்டை மட்டும் அளங்கள்.

அதற்கு இரண்டு தேர்வு. ஐ2சி (இரு வயர் தகவல் இணைப்பு) வழியாக எண்ணாகவே வேண்டுமென்றால் ஐஎன்ஏ226: ஒரு படி 2.5 மைக்ரோ வோல்ட், ஆஃப்செட் 10 மைக்ரோ வோல்ட்டுக்குள், பவர் டவுனில் சுமார் 0.5 மைக்ரோ ஆம்பியர். அளவு எல்லை 81.92 மில்லி வோல்ட். 1 ஓமில் 80 மில்லி ஆம்பியர் வரை தாங்கும். போர்டு வாங்கும்போது படத்தைப் பெரிதாக்கி ஷன்ட் எழுத்தைப் படியுங்கள். ஆர்010, ஆர்002 போட்டவையும் இதே பெயரில் விற்கப்படுகின்றன, அவை பெரிய கரண்ட்டுக்கானவை.

மைக்ரோகன்ட்ரோலரில் ஏடிசி பின் (வோல்டேஜை எண்ணாக மாற்றும் கால்) மிச்சமிருந்தால் என் தேர்வு ஐஎன்ஏ190ஏ2. கெய்ன் (ஷன்ட் வோல்டேஜைப் பெருக்கும் அளவு) 50: 1 ஓம் ஷன்ட்டில் 40 மில்லி ஆம்பியர் 2 வோல்ட்டாக வரும். ஓடும்போது 50 மைக்ரோ ஆம்பியர். எனேபிள் பின்னை மைக்ரோகன்ட்ரோலரில் இணைத்து அணைத்தால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. கவனம்: 6 கால் எஸ்சி70 பேக்கேஜில் அந்த எனேபிள் பின் கிடையாது. அதிகக் கால் உள்ள வகையைப் பார்த்து ஆர்டர் போடுங்கள். எழுப்பியதும் வரும் முதல் ரீடிங்கைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஷன்ட் 1 சதவீத மெட்டல் ஃபிலிம் போதும், உருவாகும் சூடு 1.6 மில்லி வாட்தான். சென்ஸ் வயர்களை ஷன்ட்டின் பேடிலிருந்தே எடுங்கள். பின்னாளில் லோராவை விட்டு வைஃபைக்கு மாறினால் 1 ஓம் ஷன்ட்டைக் கட்டாயம் மாற்ற வேண்டும். 300 மில்லி ஆம்பியர் உச்சத்தில் 0.3 வோல்ட் இறங்கி, பலவீனமான செல்லில் போர்டு ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: எனக்கு மீதி சார்ஜ் எவ்வளவு என்று தெரிந்தால் போதும். இதெல்லாம் வேண்டுமா?

பதில்: வேண்டாம். மேக்ஸ்17048 ஃபியூயல் கேஜ் வாங்குங்கள். ஷன்ட்டே இல்லாமல் செல் வோல்டேஜை வைத்துச் சதவீதம் சொல்லும், விழித்திருக்கும்போது சுமார் 23 மைக்ரோ ஆம்பியர்தான். லித்தியம் அயன் ஒற்றைச் செல்லுக்கானது. எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்லில் எண் நம்பும்படி வராது.