ராத்திரி போட்ட அலர்ஜி மாத்திரை காலையிலும் விடமாட்டேன் என்கிறதே?

கேள்வி: மகரந்தக் காலம் வந்தாலே எனக்கு அடுக்குத் தும்மல், கண் அரிப்பு, மூக்கில் தண்ணீர். படுக்கப் போகும்போது குளோர்பெனிரமைன் 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்று போட்டுக்கொள்கிறேன். தும்மல் நிற்கிறது, நல்ல தூக்கமும் வருகிறது. ஆனால் மறுநாள் 11 மணி வரை தலை மந்தமாகவே இருக்கிறது. போன வாரம் சிக்னலில் பச்சை விழுந்தது தெரியாமல் நின்றிருந்தேன். பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை நகர்த்தினேன். இதே மாத்திரையைப் பகலில் போடும் நண்பர், தனக்கு ஒன்றுமே செய்வதில்லை என்கிறார். 70 வயதைத் தாண்டிய அப்பாவும் என் அட்டையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்கிறார். இதையே தொடரலாமா?

பதில்: ஹாரன் அடித்தவருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு மாத்திரையை மாற்றுங்கள். உங்களுக்கு வந்தது சோம்பல் இல்லை, மருந்துதான்.

மூக்கில் தும்மலையும் அரிப்பையும் கிளப்பும் ஹிஸ்டமின், மூளையில் வேறொரு வேலை பார்க்கிறது: நம்மை விழிப்பாக வைத்திருக்கிறது. குளோர்பெனிரமைன், டைபென்ஹைட்ரமைன் போன்ற பழைய மருந்துகள் கொழுப்பில் எளிதில் கரைபவை. அதனால் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பைத் தாண்டிப் போய் இரண்டு இடத்திலும் ஹிஸ்டமினை மடக்கிவிடும். பின்னால் வந்த மருந்துகள் மூளைக்குள் அவ்வளவாக நுழைவதில்லை. நுழையப் பார்ப்பதையும் தடுப்பில் இருக்கும் ஒரு புரதம் வெளியே தள்ளிவிடுகிறது.

சரி, ராத்திரி போட்டது காலையில் ஏன் மிச்சம் இருக்கிறது? அட்டையில் ‘4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை’ என்று இருப்பதைப் பார்த்து, 6 மணி நேரத்தில் மருந்து உடம்பை விட்டுப் போய்விடும் என்று நினைத்துக்கொள்கிறோம். குளோர்பெனிரமைனின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறையவே பெரியவர்கள் பலருக்கு 20 மணி நேரத்தை ஒட்டி ஆகிறது. ஆளுக்கு ஆள் இது நிறையவே மாறும். தினமும் போட்டால், நேற்றையது தீருமுன் இன்றையது சேர்ந்துகொள்ளும். அப்புறம் அந்த ‘நல்ல தூக்கம்’: கண் சீக்கிரம் சொருகும், ஆனால் இந்த வகை மருந்துகள் கனவு வரும் உறக்கத்தைத் தாமதப்படுத்திக் குறைக்கின்றன. எழுந்ததும் வரும் மந்தத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

உங்களைவிட உங்கள் நண்பரைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. அமெரிக்காவின் அயோவாவில் மகரந்த ஒவ்வாமை உள்ளவர்களைச் செயற்கைக் கார் இயந்திரத்தில் ஓட்டவைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2000-ல் வெளியானது. டைபென்ஹைட்ரமைன் 50 மில்லிகிராம் சாப்பிட்டவர்களின் ஓட்டம், ரத்தத்தில் 0.1 சதவீதத்தை ஒட்டி மது இருந்தபோது ஓட்டியதைவிட மோசம். புதிய வகையான பெக்ஸோபெனடின் சாப்பிட்டபோது, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டது போலவே ஓட்டினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று: தூக்கம் வருகிறது, வரவில்லை என்று அவர்கள் சொன்னதை வைத்து யார் எப்படி ஓட்டுவார் என்று கணிக்க முடியவில்லை.

என்னிடம் வந்த கணக்கர் ஒருவர், “தூக்கமே வரலை டாக்டர், நல்லாத்தான் இருக்கேன்” என்று அடித்துச் சொன்னார். ஒரே ரசீதை இரண்டு முறை பதிந்ததாக மேலாளரிடம் அந்த வாரம் மூன்று தடவை பேச்சு வாங்கியதை, எழுந்து போகும்போதுதான் சிரித்துக்கொண்டே சொன்னார். சில நாளில் பழகிவிடும் என்பார்கள். தூக்கக் கலக்கம் ஓரளவு பழகும்தான். அதை நம்பி வண்டிச் சாவியை எடுக்காதீர்கள்.

மாற்று என்ன? பாதி மாத்திரை வேண்டாம். மந்தமும் பாதி, பலனும் பாதி. லோரடடின் 10 மில்லிகிராம் அல்லது பெக்ஸோபெனடின், நாளுக்கு ஒரு முறை போதும். பெக்ஸோபெனடினைத் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும். ஆரஞ்சு, ஆப்பிள் சாற்றோடு போட்டால் மருந்து சரியாக உடம்பில் ஏறாது. செடிரிசின் நன்றாகக் கேட்கும், ஆனால் புதிய வகை என்றாலும் சிலரை அசத்திவிடும். முதல் சில நாட்கள் ராத்திரியில் போட்டு, காலையில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கண்ணுக்குத் தனியாகச் சொட்டு மருந்து இருக்கிறது.

மூக்கடைப்புதான் பெரிய தொல்லை என்றால் எந்த அலர்ஜி மாத்திரையும் அதை முழுதாகத் தீர்க்காது. அதற்கு ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே. தலையைச் சற்றுக் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையால், இடது மூக்குக்கு வலது கையால் அடியுங்கள். முனை நடுச்சுவரைப் பார்க்காமல் வெளிப்பக்கம், அந்தப் பக்கத்துக் காதை நோக்கி இருக்கட்டும். மெதுவாக இழுத்தால் போதும். உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்க் கசக்கும். ஒரே நாளில் பலன் எதிர்பார்க்காதீர்கள், முழுப் பலனுக்கு இரண்டு வாரம்கூட ஆகலாம். மகரந்தக் காலத்துக்குக் கொஞ்சம் முன்பே தொடங்குவது நல்லது. ‘ஸ்பிரே கேட்கவே இல்லை’ என்று வருகிறவர்களை என் முன்னால் ஒரு முறை அடித்துக் காட்டச் சொல்வேன். பாதிப் பேர் நடுச்சுவரில்தான் அடிக்கிறார்கள்.

இன்னொன்று, ஜலதோஷக் கூட்டு மாத்திரை, இருமல் சிரப் பலவற்றிலும் குளோர்பெனிரமைன் ஒளிந்திருக்கும். அதற்கு மேல் தனியாகவும் போட்டால் இரட்டை அளவு.

அப்பாவுக்கு இந்த மாத்திரையை இன்றே நிறுத்திவிடுங்கள். 65 வயதுக்கு மேல் இந்தப் பழைய மருந்துகளைத் தவிர்க்கச் சொல்கிறோம். வாய் வறட்சி, மலச்சிக்கல் பரவாயில்லை. குழப்பம், தள்ளாடி விழுவது, குறுகிய கோணக் கண் அழுத்த நோய் இருந்தால் அழுத்தம் திடீரென்று ஏறுவது, இவைதான் பயம். புராஸ்டேட் வீக்கம் இருக்கும் ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். சிறுநீர் தயங்கித் தயங்கி வருகிறதா என்று அவரிடமே கேளுங்கள். தானாகச் சொல்ல மாட்டார், கூச்சப்படுவார். அடிவயிறு உப்பி, போகவே முடியவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.