புது ஓட்டலில் கை நனைக்கலாமா?

இந்த இதழுக்கு ஓட்டல் கேள்விகளை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டேன். ஊறுகாய் ஏன் பூசணம் பிடிக்கிறது என்று கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் மாதத்துக்கு ஒரு ஓட்டல் திறக்கிறார்கள். ரீல்ஸில் பார்த்தால் எல்லாமே சொர்க்கம். போய் உட்கார்ந்தால்தான் வண்டவாளம் தெரிகிறது. காசு கொடுப்பதற்கு முன்பே கண்டுபிடிக்க வழி உண்டா?
*வாசகர், மடிப்பாக்கம்*

ரீல்ஸில் நெய் வழிவதைக் காட்டலாம், சீஸ் இழுபடுவதைக் காட்டலாம். உப்பு கூடிப்போனதை எப்படிக் காட்டுவது? அதனால் அதை விட்டுவிடுங்கள்.

நான் முதலில் பார்ப்பது மெனு கார்டின் கனம். தோசை, தந்தூரி, நூடுல்ஸ், பாஸ்தா, மந்தி, ஃபலூடா எல்லாம் ஒரே அடுப்படியிலிருந்து வருகிறது என்றால் எனக்குப் பசி போய்விடும். அப்படிப்பட்ட இடங்களில் காலையிலேயே வெங்காயம் தக்காளி வதக்கி அரைத்த ஒரு சிவப்பு கிரேவியும், முந்திரி போட்ட ஒரு வெள்ளை கிரேவியும் தயாராக இருக்கும். கடாய் பனீர், கோலாப்பூரி, பட்டர் மசாலா என்று நீங்கள் மாற்றி மாற்றி ஆர்டர் செய்வதெல்லாம் இந்த இரண்டின் பிள்ளைகள்தான். ஒருவருக்குக் கொஞ்சம் குடைமிளகாய், இன்னொருவருக்குக் கொஞ்சம் க்ரீம். அவ்வளவே.

இரண்டாவது, முதல் வாரத்தில் போகாதீர்கள். அந்த வாரம் பாதி மேஜையில் முதலாளியின் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். முதலாளியே இலைக்குப் பக்கத்தில் வந்து நின்று "எப்படிங்க இருக்கு?" என்பார். அவர் முகத்தைப் பார்த்து யாரால் உண்மை சொல்ல முடியும்? அதைவிட முக்கியம், அன்றைக்கு அடுப்படியில் நிற்கும் மாஸ்டர் மூன்றாம் மாதம் இருப்பாரா என்பது. சைவ ஓட்டலில் சாம்பார், குருமா, சட்னி எல்லாம் சரக்கு மாஸ்டர் கையில். அடுத்த தெருவில் சம்பளம் கூட்டிக் கூப்பிட்டால் அவர் கிளம்பிவிடுவார், கூடவே சாம்பாரும் கிளம்பிவிடும். போர்டும் ஏசியும் மட்டும் அங்கேயே இருக்கும். "திறந்தப்போ நல்லா இருந்துச்சு, இப்போ கெட்டுப்போச்சு" என்று ஊரே சொல்லும் இடங்களில் பாதிக்கு மேல் இதுதான் கதை.

எனவே கூட்டம் அடங்கட்டும். இரண்டு மாதம் கழித்து, விசேஷம் எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்குப் போங்கள். மதியச் சாப்பாடு முடிந்து டிபன் தொடங்கும் நேரம் அது. ஒரு இட்லி, ஒரு வடை, ஒரு காபி போதும். காலையில் மிஞ்சிய வடையை மறுபடி எண்ணெயில் முக்கிக் கொடுத்தால் கையில் எடுத்ததுமே தெரிந்துவிடும். மேல்தோல் கறுத்திருக்கும், பிட்டால் ஆவி வராது, விரலில் எண்ணெய் மட்டும் நிற்கும். தேங்காய்ச் சட்னி மாவு போலக் குவிந்திருந்தால் அதில் தேங்காயைவிடப் பொட்டுக்கடலை அதிகம். அசைவ ஓட்டல் என்றால் ஒரு பரோட்டாவும் சால்னாவும் கேளுங்கள். பிரியாணிக்குப் பெயர் வாங்கிய இடங்கள்கூடச் சால்னாவில் மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: அண்மையில் நீங்கள் நொந்துபோன ஓட்டல் எது, மகிழ்ந்துபோன ஓட்டல் எது? பெயரோடு சொல்லவும்.
*வாசகி, அம்பத்தூர்*

பெயர் மட்டும் கிடையாது அம்மா. திட்டும்போது மறைக்கிற பெயரைப் புகழும்போது மட்டும் எப்படிப் போடுவது? பழைய, ஊரறிந்த இடங்களுக்கு இந்த விதி இல்லை.

நொந்தது ஓ.எம்.ஆர். பக்கம். வாசலில் மாட்டுவண்டிச் சக்கரம், உள்ளே ஊஞ்சல், உத்தரத்தில் அரிக்கேன் விளக்கு. சப்ளையர்கள் எல்லாருக்கும் வேட்டி, அதை அவிழாமல் பிடித்துக்கொண்டே தண்ணீர் ஊற்றினார்கள், பாவம். பித்தளைத் தட்டில் வாழையிலை இருந்தது. தொட்டுப் பார்த்தால் இலை மாதிரி அச்சடித்த காகிதம்! வற்றல் குழம்பு இத்தனூண்டு பித்தளை வாளியில் வந்தது. ஒரு கரண்டிக்குமேல் இல்லை, அதிலும் வெல்லம் தூக்கல். சுண்டைக்காய் கணக்குக்கு ஒன்று. அப்பளத்துக்குத் தனி விலை. மெனுவில் எல்லாவற்றுக்கும் முன்னால் "பாட்டி கைமணம்" என்று போட்டிருந்தது. என் வீட்டுக்காரர் பில்லைப் பார்த்துவிட்டு, "பாட்டி ரொம்பக் காஸ்ட்லி" என்றார்.

மகிழ்ந்தது வேளச்சேரியில். திருநெல்வேலிக்காரர்கள் நடத்தும் சின்ன இடம், மொத்தமே ஏழெட்டு மேஜை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சொதி, அதாவது தேங்காய்ப்பாலில் காய்களை வேகவைத்த குழம்பு. நெல்லைப் பக்கத்துக் கல்யாணங்களில் மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு வைக்கிற அதே சொதிதான். சென்னையில் நான் இதுவரை சாப்பிட்ட ஓட்டல் சொதி பெரும்பாலும் கார்ன்ஃப்ளவர் கரைத்த வெள்ளைக் கூழ். இங்கே அப்படி இல்லை. மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காய்களை வேகவிட்டு, பாசிப்பருப்பு சேர்த்து, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்கும் முன்பே இறக்கியிருக்கிறார்கள். எலுமிச்சம்பழம் இறக்கிய பிறகுதான். திரியவே இல்லை. மேலே தேங்காய் எண்ணெய் பொட்டுப் பொட்டாக மினுங்கியது. முருங்கைக்காய் குழையாமல், கேரட் நறுக்கென்று இல்லாமல், இரண்டும் ஒரே பதத்தில் வெந்திருந்தன. தனித்தனி நேரத்தில் போட்டால்தான் இது நடக்கும். உருளைக்கிழங்கு சிப்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு துவையலை ஒதுக்கினேன். பரிமாறிய பெண் விடவில்லை. "இஞ்சித் தொவையல் தொடாம சொதி சாப்பிடக் கூடாதுக்கா, மந்தமாயிரும்" என்று இன்னொரு கரண்டி வைத்துவிட்டுப் போனாள். சாப்பிட்டேன். காபி மட்டும் அங்கே சுமார்தான். சொதிக்கு மேல் காபி குடிக்க வயிற்றில் இடமும் இல்லை.

கேள்வி: போன வாரம் ஒரு புது ரெஸ்டாரன்ட் பில்லில் பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதற்கு மேல் ஜிஎஸ்டி. தண்ணீர் பாட்டில் 20 ரூபாய் அச்சிட்டிருந்தது, 60 வாங்கினார்கள். கேட்டால் "பாலிசி" என்கிறார்கள். இது சரியா?
*வாசகர், அண்ணா நகர்*

ஒன்று தப்பு, ஒன்று தப்பில்லை. தண்ணீரை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்குப் பிடிக்காத பதில் அதுதான். உட்கார வைத்துப் பரிமாறும் ஓட்டல்கள் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அது வெறும் பாட்டில் விற்பனை இல்லை, இடத்துக்கும் உபசரிப்புக்கும் சேர்த்துத்தான் விலை என்பது வாதம். உட்கார்ந்ததும் மூடியைத் திறந்துகொண்டே "மினரல் வாட்டரா சார்?" என்பார்கள். அந்த நொடியிலேயே "சாதாத் தண்ணி போதும்" என்று சொல்லிவிடுங்கள்.

சர்வீஸ் சார்ஜ் விஷயம் வேறு. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. ஓட்டல் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. வழிகாட்டுதல் செல்லும் என்று 2025 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. ஆகவே கல்லாவில் நின்று, சத்தம் போடாமல், "அந்த வரியை எடுத்துடுங்க" என்றாலே பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். முரண்டு பிடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொன்ன கையோடு சப்ளையருக்கு ஒரு ஐம்பது ரூபாய் வைத்துவிட்டு வாருங்கள். சண்டை முதலாளியோடுதானே.

அப்புறம் ஜிஎஸ்டி. சாதாரண ஓட்டலுக்கு 5 சதவீதம்தான். பில்லில் இரண்டரை, இரண்டரை என்று மத்திய, மாநிலப் பங்காகப் பிரித்துப் போட்டிருக்கும். காம்போசிஷன் திட்டத்தில் (மொத்த விற்பனையில் ஒரு சிறு பங்கை ஓட்டலே வரியாகக் கட்டிவிடும் ஏற்பாடு) இருக்கும் சின்ன ஓட்டல்கள் வரியை உங்களிடம் தனியாக வாங்கவே கூடாது.

கேள்வி: மந்தி, மந்தி என்று பையன் உயிரை வாங்குகிறான். பிரியாணிக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? கூடவே தரும் மயோனைஸ் ஆபத்து என்கிறார்களே?
*வாசகி, தாம்பரம்*

மந்தி ஏமன் நாட்டு ஹத்ரமவுத் பகுதிச் சாப்பாடு. தரையில் தோண்டிய குழி அடுப்பில் கீழே அரிசி, மேலே கறி. கறியிலிருந்து சொட்டும் கொழுப்பும் சாறும் அரிசியில் இறங்கும், புகைவாசம் ஏறும். மசாலா குறைவு, காரம் இல்லவே இல்லை. நம் ஊர் நாக்குக்கு முதல் வாய் சப்பென்று இருக்கும். மூன்றாவது வாயில்தான் பிடிபடும். ஆனால் சென்னையில் மந்தி என்று போர்டு மாட்டிய பல இடங்களில் குழியும் கிடையாது, புகையும் கிடையாது. பாஸ்மதியை மஞ்சளும் சிவப்புமாக நிறமேற்றி, மேலே கிரில் சிக்கனை வைத்து, பெரிய தாம்பாளத்தில் கொண்டுவருகிறார்கள். தாம்பாளத்தின் அகலத்தைப் பார்த்தே பிள்ளைகள் மயங்கிவிடுகிறார்கள். கறியைத் தள்ளி அடியில் இருக்கும் சோற்றை மட்டும் ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். கறியின் ருசி அதில் இல்லையென்றால் அது குஸ்கா.

மயோனைஸ் பயம் நியாயமானது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டது. சால்மோனெல்லா போன்ற கிருமிகள்தான் காரணம். பூண்டு, எண்ணெய், எலுமிச்சை மட்டும் அடித்துச் செய்யும் அரபு ஊர்ப் பூண்டு சாஸ் ஒன்று இருக்கிறது, அதில் முட்டை இல்லை. எதைத் தருகிறார்கள் என்று கேட்டுவிட்டுத் தொடச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் சுத்த சைவம். ஆபீஸ் தோழிகள் கொரியன் ரெஸ்டாரன்ட் போகலாம் என்கிறார்கள். எனக்கு அங்கே என்ன இருக்கும்? சென்னையில் ஏன் இத்தனை கொரியன் ஓட்டல்?
*வாசகி, போரூர்*

இரண்டாவது கேள்விக்குப் பதில் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஹூண்டாய் 1996இல் இங்கே கம்பெனி தொடங்கியது, 1998இல் இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையிலிருந்து சான்ட்ரோ வந்தது. பின்னாலேயே உதிரிபாகக் கம்பெனிகள் வந்தன, குடும்பங்கள் வந்தன. அவர்களுக்குச் சோறு போட ஓட்டல்கள் வந்தன. கே டிராமா பார்த்துவிட்டு நம் பிள்ளைகள் போனதெல்லாம் பிற்பாடு. கொரியக் குடும்பங்கள் உட்கார்ந்து சாப்பிடும் இடமாகப் பார்த்துப் போங்கள். சுவரில் நட்சத்திரங்களின் படம் ஒட்டிய இடத்தைவிட அது மேல்.

உட்கார்ந்ததும் சின்னச் சின்னக் கிண்ணங்களில் தொட்டுக்கொள்ள வைப்பார்கள். பான்சான் என்று பெயர், காசு கிடையாது, தீர்ந்தால் கேட்டு வாங்கலாம். நீங்கள் கவனிக்க வேண்டியது அங்கேதான். கிம்ச்சி முட்டைக்கோஸ்தானே என்று கை வைத்துவிடாதீர்கள், பொதுவாக அதில் மீன் சாறோ உப்பில் ஊறிய இறாலோ சேர்ப்பார்கள். "கறி இல்லாமல்" என்று சொன்னால் மீன் நின்றுவிடாது, மீனையும் முட்டையையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். பிபிம்பாப்பில் கறியும் முட்டையும் வேண்டாம் என்றால், சோறு, காய்கள், மிளகாய் விழுது. நன்றாகக் கிளறிச் சாப்பிடுங்கள், பிடிக்கும்.

கேள்வி: கல்லூரி மாணவன். வெளிநாட்டுச் சாப்பாடு சாப்பிட ஆசை, பர்ஸ் காலி.
*வாசகர், வியாசர்பாடி*

பீச் ஸ்டேஷனுக்கு எதிரே செகண்ட் லைன் பீச் போங்க தம்பி. பர்மாவிலிருந்து 1960களில் திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த பூண்டு, புளித்தண்ணீர், மிளகாய்த் தூள் எல்லாம் கையாலேயே பிசைந்து தருவார்கள், கூடவே வாழைத்தண்டு சூப். நின்றுகொண்டே சாப்பிட வேண்டும்.

கேள்வி: எழுபது தாண்டிய அப்பா. எந்தப் புது ஓட்டலுக்குக் கூப்பிட்டாலும் "ரத்னா கஃபே சாம்பாரை விடவா?" என்று கிளம்ப மறுக்கிறார்.
*வாசகர், திருவான்மியூர்*

சாம்பார் விஷயத்தில் அவரோடு வாதம் செய்ய என்னிடம் சரக்கு இல்லை. ஜக்கைக் கொண்டுவந்து இட்லி முங்க முங்க ஊற்றுகிற திருவல்லிக்கேணி வழக்கத்துக்குப் பழகியவருக்கு, கிண்ணத்தில் அளந்து வைக்கிற சாம்பாரைக் கண்டால் கோபம் வராதா? ஆனால் ஒன்று சொல்லிப் பாருங்கள். 1948இல் அதுவும் புது ஓட்டல்தான், ஆரம்பித்தவர் மதுராவிலிருந்து வந்த குப்தா. வடக்கத்திக்காரர் நமக்கு இட்லி சாம்பார் போடுவதா என்று அன்றைக்கும் சில அப்பாக்கள் கிளம்ப மறுத்திருப்பார்கள்.

அப்படியும் வரவில்லை என்றால் சாப்பாடு காரணமாக இருக்காது. புது இடங்களில் முதுகு சாய வழியில்லாத உயர ஸ்டூல், காது கிழியும் பாட்டு, மாடிப்படி ஏறிப் போக வேண்டிய கழிப்பறை. முன்பே போன் செய்து கீழ்த்தளத்தில் நாற்காலி உண்டா என்று கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள்.

கேள்வி: ஓட்டலில் சாப்பாடு சரியில்லை என்றால் சொல்வதா, வாயை மூடிக்கொண்டு வருவதா?
*வாசகி, பெரம்பூர்*

சொல்லத்தான் வேண்டும், பாதி சாப்பிடுவதற்குள். சப்ளையரிடம் கத்தாமல் மேனேஜரைக் கூப்பிட்டு, என்ன குறை என்பதை ஒரே வரியில் சொல்லுங்கள்: "தயிர் புளிச்சிருக்கு", "கறி வேகல". நல்ல ஓட்டல் பேசாமல் மாற்றித் தரும். உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டால் பில்லைக் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள். அதில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் விதி. உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுக்கும்போது அந்த எண்ணையும் பில்லின் போட்டோவையும் சேர்த்து அனுப்புங்கள்.