மொனிட்டரில் வருகிற படம் ரிவியில் ஏன் வரவில்லை? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணை, எங்களிட்ட ஒரு பழைய கொம்பியூட்டர் இருக்கு, மொனிட்டரில் ஒரு குறையும் இல்லாமல் ஓடுது. மகள் ஏ.எல். படிக்கிறாள். வகுப்பு வீடியோக்களை 32 அங்குல ரிவியில் போட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் இருந்து பார்க்கலாம் என்று, கிளிநொச்சிக்குப் போய் ஒரு பக்கம் நீல முனையும் மற்றப் பக்கம் எச்.டி.எம்.ஐ. முனையும் உள்ள கேபிள் வாங்கி வந்தோம். ரிவி 'நோ சிக்னல்' என்று மட்டும்தான் சொல்லுது. ஒரு கடையில் காட்டினால் மதர்போட் பழுது, மாற்ற வேணும் என்கிறார்கள். மாற்றத்தான் வேணுமோ?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: வேண்டாம் தங்கச்சி. மதர்போட் பழுதென்றால் மொனிட்டரில் எப்படிப் படம் வரும்? அந்த ஒரு கேள்வியை நீங்கள் கடையிலேயே கேட்டிருக்கலாம்.

பிழை அந்தக் கேபிளில்தான் இருக்கிறது. அது பழுதான கேபிள் இல்லை, வேலையே செய்ய முடியாத கேபிள். நீல முனை என்பது வி.ஜி.ஏ., ஐ.பி.எம். 1987இல் கொண்டுவந்தது, 15 ஊசி இருக்கும். அதில் படம் அனலொக் மின் அலையாகப் போகிறது. எச்.டி.எம்.ஐ. 2002 கடைசியில் வந்தது, அதில் போவது டிஜிட்டல். ஒன்றை மற்றதாக மாற்ற நடுவில் ஒரு சிப் வேண்டும், அந்தச் சிப்புக்குக் கரண்ட் வேண்டும். நீங்கள் வாங்கியதற்குள் இருப்பது வெறும் கம்பி. இப்படியான கேபிளை ஏன்தான் விற்கிறார்களோ, எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல் வரும்.

சரி, இனிக் காசு செலவழிக்க முதல் ரிவியின் பின்பக்கத்தை ஒரு ரோச் லைற் பிடித்துப் பாருங்கோ. கொஞ்சம் பழைய ரிவி என்றால் 'பி.சி. இன்' என்று எழுதி அதே 15 ஓட்டை சொக்கெட் பெரும்பாலும் இருக்கும். இருந்தால் மொனிட்டரில் பூட்டியிருக்கிற கேபிளையே கழற்றி அதில் பூட்டலாம், புதிதாக ஒன்றும் வாங்கத் தேவையில்லை. ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை அழுத்தி 'பி.சி.' என்பதைத் தெரிவு செய்ய மறக்க வேண்டாம், எச்.டி.எம்.ஐ.யிலேயே விட்டுவிட்டுப் படம் வரவில்லை என்று எனக்கு எழுதியவர்கள் கனபேர்.

அப்போது 'நோ சிக்னல்' போய் 'மோட் நொட் சப்போட்டட்' என்று வந்தால் கவலைப்படாதீங்கோ, அது நல்ல செய்தி. சிக்னல் வந்துவிட்டது, கொம்பியூட்டர் அனுப்புகிற பட அளவு மட்டும் ரிவிக்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். திரும்ப மொனிட்டரைப் பூட்டி, டிஸ்பிளே செற்றிங்ஸில் 1024 x 768, 60 ஹேர்ட்ஸ் என்று வைத்துவிட்டு ரிவிக்கு மாற்றுங்கோ. ஹேர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை தடவை படம் புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு. பழைய மொனிட்டர்கள் சில 75 ஹேர்ட்ஸில் ஓடும், ரிவிகள் சில அதை ஏற்காது. படம் வந்த பிறகு ரிவிக்குப் பொருத்தமான அளவை ஆறுதலாகத் தேடலாம்.

நீல முனையால் சத்தம் போகாது. கொம்பியூட்டரின் பச்சை ஓட்டையிலிருந்து ரிவியின் ஓடியோ இன்னுக்குத் தனி வயர் ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் இருக்கிற ஸ்பீக்கரே போதும்.

பின்னால் அந்த சொக்கெட் இல்லையென்றால் மட்டும், நான் சொன்ன அந்தச் சிப் உள்ளே இருக்கிற கொன்வேட்டர் வாங்குங்கோ. தீப்பெட்டி அளவில் இருக்கும், கரண்டுக்கு ஒரு யு.எஸ்.பி. வாலும் சத்தத்துக்கு இன்னொரு வாலும் தொங்கும். கடையில் "வி.ஜி.ஏ.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு" என்று திசையைச் சொல்லிக் கேளுங்கோ. மறுதிசைக்கு ஆனதும் பார்வைக்கு அதே மாதிரித்தான் இருக்கும், ஆனால் திருப்பிப் பூட்டினால் ஓடாது.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று எழுதியிருந்தீங்கள். சண்டைக் காலத்தில் ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் தேடி, ஒரு ரிவிக்கு முன்னால் ஊரே குந்தியிருந்தது நினைவுக்கு வந்தது.

கேள்வி: லப்டொப்பை ரிவியில் பூட்டினால் படத்தின் நாலு ஓரமும் வெட்டுப்படுது, கீழே ஸ்டார்ட் பட்டனைக் காணவில்லை. சத்தமும் லப்டொப்பிலேயே வருது.
– வாசகர், மாங்குளம்

பதில்: குழாய் ரிவிக் காலத்துப் பழக்கம் அது. அந்த ரிவிகளில் ஓரம் நேராக வராததால் படத்தைக் கொஞ்சம் பெருப்பித்து ஓரத்தை மறைப்பார்கள், தட்டை ரிவி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ரிமோட்டில் பட அளவு மெனுவுக்குப் போங்கோ. எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சுங்கில் 'ஸ்கிரீன் ஃபிட்', சோனியில் 'ஃபுல் பிக்சல்' என்று இருக்கும். சத்தத்துக்கு விண்டோஸில் கீழ்மூலை ஸ்பீக்கர் படத்தை அழுத்தி ரிவியின் பெயரைத் தெரிவு செய்தால் சரி.

கேள்வி: எச்.டி.எம்.ஐ. கேபிளைப் பூட்டும்போது கையில் சுர்ரென்று கரண்ட் அடிக்குது. கொம்பியூட்டர் பெட்டியைத் தொட்டாலும் அப்படித்தான். பயப்பட வேணுமோ?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: பயப்பட வேண்டும் தம்பி, இன்றைக்கே பாருங்கோ. கொம்பியூட்டரின் பவர் சப்ளையிலிருந்து பெட்டிக்கு எப்போதும் கொஞ்சம் கரண்ட் கசியும், ஏர்த் இருந்தால் அது மண்ணுக்குள் போய்விடும். ஏர்த் இல்லாத இடத்தில், மூன்று பின் பிளக்கில் ஏர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின்னோடு செருகுகிற இடத்தில், அந்தக் கரண்ட் போக வழியில்லாமல் பெட்டியில் நிற்கும், 230 வோல்ட் லைனில் கிட்டத்தட்டப் பாதி. சுர்ரென்று விடுகிற அளவு என்றால் பெரும்பாலும் இந்தக் கசிவுதான், ஆனால் உள்ளே வேறு வயர் முட்டியிருந்தாலும் தொடக்கத்தில் இப்படித்தான் தெரியும், அதனால் வயரிங் தெரிந்த ஒருவர் மீற்றர் வைத்துப் பார்க்கும் வரை பாவிக்க வேண்டாம். ஏர்த் கம்பி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்றும் கேளுங்கோ. ஆடி ஆவணியில் நம்ம மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், காய்ந்த மண்ணில் ஏர்த் சரியாக வேலை செய்யாது. கரண்ட் கசிந்தால் லைனை வெட்டுகிற ட்ரிப் சுவிட்ச்சின் ரெஸ்ட் (Test) பட்டனை அழுத்தினால் விழுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கோ.

அப்புறம், இந்தக் கசிவுக் கரண்ட் உங்கள் கையோடு நிற்பதில்லை. ரிவியில் டிஷ் வயரும் பூட்டியிருந்தால் எச்.டி.எம்.ஐ. முனை தொடுகிற அந்த நொடியில் அந்த முனை வழியாகப் பாய்ந்து போர்ட்டை எரித்துவிடலாம். இரண்டு பிளக்கையும் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, கேபிளைப் பூட்டி, அதற்குப் பிறகு கரண்ட் கொடுங்கோ. ஐப்பசியில் பின்னேரத்து இடி தொடங்கினால் டிஷ் வயரையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். நான் பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு நிம்மதியாக இருந்த ஒரு நாள், மின்னல் டிஷ் வயரால் வந்து ரிவியையும் லப்டொப்பின் எச்.டி.எம்.ஐ. போர்ட்டையும் கொண்டுபோனது.