சேர்க்கைக்குச் செய்த ஆப்: யாரிடம் காட்டிக் கருத்துக் கேட்பது?

கேள்வி: யாருக்கு எந்தப் புத்தகத்தை இரவல் கொடுத்தேன் என்று குறித்துவைக்க ஒரு சின்ன ஆண்ட்ராய்டு ஆப் செய்திருக்கிறேன். இதுதான் என் முதல் முயற்சி. மென்பொருள் படிப்பில் சேர விண்ணப்பத்தோடு இதை அனுப்ப வேண்டும். ஐந்து வாரம் இருக்கிறது. நண்பர்களிடம் காட்டினால் ‘சூப்பர்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பணம் கட்டினால் நிபுணர்கள் பார்த்துத் திருத்தி, சான்றிதழும் தருவதாக ஒரு விளம்பரம் வந்தது. கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த ‘சூப்பர்’. ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால், பந்தியில் உட்கார்ந்தவரிடம் சமைத்தவரே வந்து கேட்பது போலத்தான். இலையில் என்ன மீந்திருந்தாலும் பதில் ஒன்றுதான். அதனால் கேட்காதீர்கள். போனைக் கையில் கொடுத்து ஒரு வேலை சொல்லுங்கள்: ‘உங்கள் தோழிக்கு ஒரு புத்தகம் இரவல் கொடுத்திருக்கிறீர்கள். அதை இதில் குறித்துவையுங்கள்.’ மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். அப்புறம் நீங்கள் வாயே திறக்கக் கூடாது. ‘அங்க இல்ல, மேல அந்தக் கூட்டல் குறி’ என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் சோதனை அத்தோடு முடிந்தது. விரல் எங்கே தயங்கி நிற்கிறது, எதைத் தவறாகத் தொடுகிறார், எங்கே பெருமூச்சு விடுகிறார் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

எத்தனை பேர் வேண்டும்? பயன்பாட்டுச் சோதனையில் பெயர்பெற்ற ஜேக்கப் நீல்சன், ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே சிக்கல்களில் சுமார் 85 சதவீதம் தெரிந்துவிடும் என்று 2000-இல் எழுதினார். அந்தக் கணக்கோடு மல்லுக்கு நிற்பவர்களும் உண்டு. உங்கள் ஆப் சின்னது. மூன்று பேரிடம் பாருங்கள், திருத்துங்கள், புதிதாக இரண்டு பேரிடம் பாருங்கள். போதும். அதில் ஒருவராவது போனோடு அதிகம் பழகாதவராக இருக்கட்டும். ஆப்பை அவர்களுடைய போனில் போட ஸ்டோர் எதுவும் வேண்டாம். ஏபிகே (APK) கோப்பை, அதாவது ஆப்பை நிறுவும் கோப்பை, அனுப்பினால் நிறுவிக்கொள்ளலாம்.

நிரல் எழுதத் தெரிந்த ஒருவரிடம் உங்கள் நிரலையும் காட்டுங்கள். ஆனால் ‘பாருங்க’ என்று மொத்தமாகக் கொட்டாதீர்கள், குறிப்பாகக் கேளுங்கள். பாதி தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது போனைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள், எழுதியது அழிகிறதா? தொடக்கக்காரர்களின் ஆப்பில் பல நேரம் அழியும். திருப்பும்போது ஆண்ட்ராய்டு பழைய திரையைக் கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதுதான் காரணம். ‘இதை எப்படித் தடுப்பது?’ என்று கேட்டால் பத்து நிமிடத்தில் உருப்படியான பதில் வரும். போனின் எழுத்தளவைப் பெரிதாக்கியும், இணையத்தை அணைத்தும், ஒரு புத்தகம்கூட இல்லாத காலிப் பட்டியலோடும் நீங்களே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

சரி, அந்த விளம்பரம். இவர்கள் ‘திருத்தித் தருவது’ என்றால் பெரும்பாலும் வேறு ஆப்பை எழுதிக் கொடுப்பது. சேர்க்கை நேர்காணல்களில் உட்கார்ந்திருக்கிறேன். பளபளவென்று ஒரு ஆப் வரும். ‘தேதியை இங்கே ஏன் இப்படிச் சேமித்தீர்கள்?’ என்றதும் பிள்ளையின் முகம் வெளிறிவிடும். கோணலாக இருந்தாலும் சொந்தமாகச் செய்தவர் அதே கேள்விக்கு உற்சாகமாகச் சண்டைக்கே வருவார். நாங்கள் தேடுவது அவரைத்தான். அந்தச் சான்றிதழை நான் இதுவரை ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்த்ததில்லை. உங்கள் மூல நிரலை வாங்கிக்கொண்டு, அதையே அடுத்த மாணவருக்கு விற்பவர்களையும் எனக்குத் தெரியும். காசுக்கு ஐந்து நட்சத்திர மதிப்புரை போட்டுத் தருகிறோம் என்பார்கள். அது ப்ளே ஸ்டோர் விதிப்படியே குற்றம், ஆப் நீக்கப்படலாம்.

ஏஐ கருவியிடம் கேட்கலாமா என்றால், உங்கள் கல்லூரி அனுமதித்தால் விளக்கம் கேளுங்கள், எழுதித் தரச் சொல்லாதீர்கள்.

இதில் விதிவிலக்கு ஒன்று உண்டு. விண்ணப்பத்தில் ‘ப்ளே ஸ்டோர் இணைப்பு கட்டாயம்’ என்று போட்டிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் இந்தப் பத்தியையும் அடுத்ததையும் தாண்டிவிடலாம். இருந்தால் ஐந்து வாரம் என்பது உண்மையில் ஐந்து வாரம் இல்லை. ப்ளே ஸ்டோரில் ஆப் வெளியிட கூகுளிடம் டெவலப்பர் கணக்கு தொடங்க வேண்டும். அது 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், ஆப்பை வெளியிட அனுமதி கேட்பதற்கு முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையாளர்களாகச் சேர்ந்திருக்க வேண்டும். முதலில் 20 பேர் என்று வைத்திருந்தார்கள், பிறகு குறைத்தார்கள். நடுவில் ஒருவர் விலகி எண்ணிக்கை 11 ஆனால் தலைவலி, அதனால் பதினைந்து பேரையாவது சேருங்கள். அதன்பின் கூகுள் பரிசீலிக்க ஒரு வாரமோ, சில நேரம் அதற்கு மேலுமோ ஆகும். கணக்குத் தொடங்க 25 டாலர், ஒரே ஒரு முறை. அனுமதி கேட்கும்போது சோதனையில் என்ன தெரிந்துகொண்டீர்கள் என்றும் கேட்பார்கள். உங்கள் நோட்டு அங்கே கைகொடுக்கும்.

குப்பை ஆப்களைத் தடுக்கப் போட்ட விதி இது. குப்பை போடுபவர்கள் பன்னிரண்டு பேரைக் காசுக்கு வாங்கிவிடுகிறார்கள். மாட்டிக்கொண்டு முழிப்பது முதல் ஆப் செய்யும் பிள்ளைகள்தான். இதைத் தெரிந்துகொள்ளாமலே ‘வெளியிட்ட ஆப் கட்டாயம்’ என்று படிவத்தில் அச்சடிக்கும் அதிகாரிகளை என்ன சொல்வது! இந்த இடைவெளியில்தான் தரகர் நுழைகிறார். ‘எங்கள் நிறுவனக் கணக்கில் போட்டால் இந்தச் சோதனையே வேண்டாம்’ என்பார். நிறுவனக் கணக்குக்கு அந்த விதி இல்லை என்பது உண்மைதான். ஆனால் டெவலப்பர் பெயராக ஸ்டோரில் நிற்பது அவருடைய பெயர். நாளைக்கு அவர் எடுத்துவிட்டால் உங்களிடம் இணைப்பும் இல்லை, ஆப்பும் இல்லை. நேரம் போதாது என்று தெரிந்தால் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதி, ஏபிகே கோப்பையும் இரண்டு நிமிட வீடியோவையும் ஏற்பார்களா என்று கேளுங்கள். கேட்டவர்களுக்குப் பல இடங்களில் சம்மதம் கிடைத்திருக்கிறது.

விண்ணப்பத்தோடு ஒரு பக்கக் குறிப்பு வையுங்கள்: மூன்று பேர் எங்கே தடுமாறினார்கள், எதை மாற்றினீர்கள், எதைத் தெரிந்தே அப்படியே விட்டீர்கள், யார் எதில் உதவினார்கள். நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் ‘கிட்’ (Git) கருவியைப் பயன்படுத்தியிருந்தால் அதன் வரலாற்றை அழகுபடுத்தாமல் அப்படியே விடுங்கள். தடுக்கி எழுந்த தடம் அதில்தான் தெரியும். புத்தக அட்டைப் படம் எடுக்க ஏதாவது ஏபிஐ சாவியை (வெளிச் சேவையைப் பயன்படுத்தத் தரும் ரகசியக் குறியீடு) நிரலுக்குள் எழுதியிருந்தால், அழித்தால் மட்டும் போதாது. கிட் வரலாற்றின் பழைய பதிப்பில் அது இருந்துகொண்டே இருக்கும். அந்தச் சாவியையே ரத்து செய்துவிட்டுப் புதிது வாங்குங்கள்.

இன்னொன்று. அனுப்பும் பதிப்பில் நண்பர்களின் உண்மைப் பெயர்களை எடுத்துவிட்டுக் கற்பனைப் பெயர்களைப் போடுங்கள். யார் இன்னும் புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை என்பது தேர்வுக் குழுவுக்குத் தெரிய வேண்டியதில்லை.