தாய்லாந்து போகும் முன் எந்தெந்த வார்த்தைகளைக் கற்றுக்கொள்ளலாம்?

அம்மாவோடு ஒரு வாரம் பாங்காக் போகிறேன், அந்த ஊர் பாஷையில் எவ்வளவு தெரிந்தால் சமாளிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அம்மாவைக் கூட்டிக்கொண்டுதான் போனேன். அதனால் சாப்பாட்டிலிருந்தே சொல்கிறேன்.

என் அம்மா முட்டை சாப்பிடுவார், கறி தொடமாட்டார். பாங்காக்கின் சீலோம் பகுதியில் இருக்கும் மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு தள்ளுவண்டிக் கடையில் முட்டை ஃப்ரைட் ரைஸ் கேட்டேன்: "காவ் பட் கை." வந்தது கோழி. அங்கே முட்டையும் 'கை', கோழியும் 'கை'. தாய்லாந்து மொழியில் 5 தொனிகள் (குரலை ஏற்றி இறக்கிச் சொல்லும் விதங்கள்) உண்டு. இந்த இரண்டுக்கும் தொனிகூட ஒன்றேதான். வித்தியாசம் மூச்சில் இருக்கிறது. முட்டைக்கு, இந்தியில் 'கானா' (சாப்பாடு) என்பதுபோலக் காற்றைத் தள்ளிச் சொல்ல வேண்டும். கோழிக்கு நம் 'பக்கம்' என்பதில் வரும் 'க' போதும். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் நம் காதுக்கு முதலில் பிடிபடாது. கடைக்கார அக்கா ஒரு முட்டையைத் தூக்கிக் காட்டி, நான் சரியாகச் சொல்லும்வரை பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துப் பழகுங்கள். முட்டைக்குக் காற்று படவேண்டும், கோழிக்குப் படக்கூடாது.

உங்கள் அம்மா சுத்த சைவமா? அப்படியானால் "கின் ஜே" என்று சொல்லுங்கள். வெறும் காய்கறி என்று கேட்டால் மீன் சாஸ் விழுந்துவிடும். அவர்களுக்கு அது உப்பு மாதிரி. "மை சை நாம் ப்லா" என்றால் மீன் சாஸ் வேண்டாம். 'ஜே' சாப்பாட்டில் முட்டை, பால் மட்டுமல்ல, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருக்கும் கடையைப் பாருங்கள்.

மரியாதைச் சொல்லை மறக்காதீர்கள். எதைச் சொன்னாலும் கடைசியில் ஆண் "க்ரப்" என்பார், பெண் "கா" என்பார். கேட்பவர் யார் என்பது கணக்கில்லை, பேசுபவரைப் பொறுத்தது. நம் 'சொல்லுங்க'வில் வரும் 'ங்க' செய்யும் வேலையை அது செய்கிறது. வணக்கத்துக்கு "சவத்தீ" (நம் ஸ்வஸ்திதான்), நன்றிக்கு "கோப் குன்". சாப்பாட்டுக்கு "ஆஹான்", அதாவது ஆகாரம். இப்படிப்பட்ட சொற்கள் நமக்குச் சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் விலை. "தாவ் ரை?" என்று கேட்கலாம், ஆனால் பதில் புரிய எண்கள் வேண்டுமே. ஒன்றிலிருந்து பத்து வரை: நுங், சோங், சாம், சீ, ஹா, ஹொக், செட், பேட், காவ், சிப். 20 மட்டும் "யீ சிப்", 30 வழக்கம்போல "சாம் சிப்", 100 "ரோய்". குறில் நெடில் நமக்குப் பழக்கம் என்பதால் பாதிக் கஷ்டம் குறைவு. ஆனால் 'சிப்பு' என்று உகரம் சேர்க்காதீர்கள். உதட்டை மூடியதோடு நிறுத்துங்கள்.

கோயிலுக்கு டாக்ஸியில் போவதானால் "பை வாட் கேக்" என்று சொல்லுங்கள். மாரியம்மன் கோயிலுக்கு அங்கே அதுதான் பெயர். அந்தக் 'கே'வுக்கும் முட்டைக்குரிய காற்று வேண்டும்.