பழைய கோப்பு கிறுக்கலாகத் தெரிவதற்கு லினக்ஸ் காரணமில்லை

வணக்கம். தாராவியில் உங்கள் சங்கத்துக் கணினிகளை விண்டோஸிலிருந்து லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாற்றியதும் பழைய ரசீது, அழைப்பிதழ் எல்லாம் கிறுக்கலாகத் தெரிவதாகவும், 'ஓசிச் சரக்கு இப்படித்தான்' என்று செயலாளர் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். மனம் தளராதீர்கள். அவை பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை என்பதிலேயே விடை இருக்கிறது.

பாமினியில் 'அம்மா' என்று கண்ணுக்குத் தெரிவது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. அது இல்லாத விண்டோஸிலும் இதே கிறுக்கல்தான் வரும். செயலாளரிடம் வாதாட வேண்டாம். பாமினி இல்லாத அவருடைய கைப்பேசியிலேயே அந்த வேர்டு கோப்பைத் திறந்து காட்டுங்கள்.

அப்புறம் எல்லாவற்றையும் ஒருங்குறிக்கு, அதாவது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறைக்கு, மாற்றுங்கள். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரலகத்தில் பாமினி மாற்றி இருக்கிறது, அதுவும் கட்டற்ற மென்பொருளே. இடையில் ஆங்கிலம் கலந்த வரிகளை மட்டும் கண்ணால் பாருங்கள், அவையும் தமிழாகக் குழம்பிவிடும். தமிழ்நாடு அரசே 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது என்று சொல்லுங்கள், சங்கத்தில் எடுபடும்.

முக்கியமாக, அலுவலகத்தில் தட்டச்சு செய்பவரைக் கவனியுங்கள். லினக்ஸில் தட்டச்சு முறைகளைத் தரும் ஐபஸ் என்ற மென்பொருளில் எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை, பழைய தட்டச்சுப்பொறி முறை இரண்டும் கிடைக்கும். அவர் கைக்கு ஒத்துவருவதை வைத்துக் கொடுங்கள். ஒரு ரசீதை அவரையே அடிக்கச் சொல்லி, அடுத்த கூட்டத்தில் அச்செடுத்துக் காட்டுங்கள்.